நீலக் காரும் அத்தானின் காதும்

மூடி திறந்த தண்ணீர்ப் போத்தலோடு அத்தான் அந்தச் சின்னக் காருக்குள் முழங்காலிட்டு ஏறினார். மடங்கும் துணிக்கூரை காரின் உடலோடு சேரும் பின்மூலையை விரலால் தடவினார். அங்கிருந்த ஒரு துளைக்குள் மெல்லத் தண்ணீர் ஊற்றினார்.

"தம்பி, கீழை குனிஞ்சு பார்."

தம்பி என்று அழைக்கப்பட்டவருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. ஈரத் தரையில் கன்னம் படக் குனிந்து, பின்சக்கரத்துக்கு முன்னாலிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு துளி விழுந்தது, அடுத்து இரண்டு, அதன்பின் நூல் பிடித்தாற்போல் நீர் வழிந்தது. மறுபக்கத்திலும் அப்படியே. காரை விற்கும் முதியவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வாசற்படியில் தேநீர்க் கோப்பையுடன் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. துளையை ஆண்டுக்கு இருமுறை மெல்லிய கம்பியால் துப்புரவு செய்வது தன் வழக்கம் என்று மட்டும் சொன்னார்.

அது 2016 நவம்பரின் ஒரு சனிக்கிழமை. பார்க்கப் போன மூன்றாவது கார் அது.

ஆசை விழுந்தது அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால். 1994 கோடையில் தம்பி வடமேற்கு லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பம்ப் எண்ணைச் சொல்பவர்களிடம் காசு வாங்கிப் போடும் வேலை. ஒரு நாள் விடியற்காலை இரண்டு மணிக்குக் கூரை திறந்த சிவப்புக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் எண்ணெய் நிரப்பிக் காசு கொடுத்துவிட்டுப் போய் எஞ்சினை முடுக்கினார். முன்மூடியில் படுத்துக்கிடந்த இரண்டு விளக்குகள் எழுந்து நின்றன, தூங்கிய பிள்ளை கண் விழித்தாற்போல. கார் தெருமுனை திரும்பும்வரை அவர் கூண்டுக்குள் எழுந்தே நின்றார். அது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று காலையில் வேலைக்கு வந்தவர் சொன்னார்.

பிறகு படிப்பு, மருத்துவமனை ஆய்வுக்கூட வேலை, கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளை, டொயோட்டா. மகள் பல்கலைக்கழகம் போன ஆண்டில்தான் அந்த விளக்குகள் மறுபடி எழுந்தன.

அந்தக் காரின் கதையை அவர் அதற்குள் மனப்பாடமாக வைத்திருந்தார். பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர், 1979இல் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் பொறியியல் தலைவர்களில் ஒருவரான யாமமோட்டோ கெனிச்சியைச் சந்தித்தார். மாஸ்டா அடுத்து என்ன செய்யலாம் என்று யாமமோட்டோ கேட்டபோது, எளிய, மலிவான, கூரை திறக்கும் இருவர் கார் என்றார் ஹால். பிரிட்டன் அத்தகைய கார்களைக் கைவிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே எம்ஜிபியும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் நின்றுபோயின. மாஸ்டாவின் முதல் ஓடும் மாதிரி கட்டப்பட்டது இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள வொர்திங்கில். 1985இல் அதை கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்குக் கொண்டுபோய்த் தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். முழுமையான கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மேடையேறியது. திட்டத்தை நடத்திய ஹிராய் தோஷிஹிகோ தன் குழுவுக்குக் கொடுத்த சொல் 'ஜின்பா இத்தாய்'. ஓடும் குதிரையிலிருந்து அம்பு விடுகிறவனும் குதிரையும் ஓருடலாக இருப்பது என்பது அதன் பொருள்.

அந்தச் சொல்லுக்கேற்பவே அவர்கள் காரைச் செய்திருந்தார்கள். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. 1.6 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 115 குதிரைத்திறன். இன்று குடும்பக் கார்கள் பலவற்றுக்கு அதைவிட வலு உண்டு. ஆனால் எஞ்சினை முன்அச்சுக்குப் பின்னே தள்ளி வைத்து, பேட்டரியைப் பின்னால் சாமான் பெட்டிக்குள் கொண்டுபோய், எடையை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பகிர்ந்திருந்தார்கள். வேகத்துக்காக வாங்குகிற கார் அல்ல இது. வளைவுக்காக வாங்குவது.

"ரண்டு பேர் மட்டும் போற காருக்கு உவ்வளவு காசோ?" என்றார் அக்கா. மில்டன் கீன்ஸில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு ஞாயிறு மத்தியானம். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அத்தான் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "எத்தினையாம் ஆண்டுக் கார்?" என்று கேட்டார்.

அத்தானைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கொக்குவிலில் கராஜ் வைத்திருந்தவர் அவர். ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் என்று பிரிட்டன் மறந்துபோன கார்கள் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கும் கல்யாணத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. குடாநாட்டுக்குப் பெட்ரோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைத்தது. அங்குள்ள மெக்கானிக்குகள் அந்த மண்ணெண்ணெயிலேயே கார்களை ஓட்டினார்கள். கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் 'நொக்' அடிக்கும், புகை கக்கும். பற்றவைக்கும் நேரத்தைக் காதால் கேட்டே முன்பின் திருப்பி அதைத் தணிக்க வேண்டும். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரோரம் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். அதனால் அளவுக் கம்பியை இழுத்து எண்ணெய் எவ்வளவு என்று பார்க்குமுன் மணந்து பார்ப்பது அத்தானின் கைப்பழக்கம். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் முழுதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கராஜைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பிரித்துப் போட்ட ஒஸ்டின் ஒன்று உள்ளே கிடந்தது. இங்கிலாந்துக்கு வந்தபிறகு பண்டசாலை ஒன்றில் வேலை. கராஜ் வேலைக்கு அவர் திரும்பவே இல்லை.

பிரிட்டனில் பழைய கார் வாங்குகிறவருக்கு அரசே ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. மூன்று வயதைத் தாண்டிய கார்களில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் எம்ஓடி என்ற தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். 2005 முதலான சோதனை முடிவுகளைக் காரின் பதிவெண்ணை வைத்து யாரும் காசில்லாமல் பார்க்கலாம். எத்தனை மைல் ஓடியது, எதில் தோற்றது, எது தேயத் தொடங்கியிருக்கிறது என்று சோதனைக்காரர் எச்சரித்தது எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தில் வரும் படத்தைவிட இந்தப் பட்டியலை அவர் அதிகம் நம்பினார். ஆய்வுக்கூடத்துக்காரர் அல்லவா, ஒரே ஆளின் பத்து ஆண்டு இரத்தப் பரிசோதனையைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படிப்பார்.

முதலில் பார்த்த கார் சிவப்பு. 1994இல் பார்த்த அதே சிவப்பு. முகம் தெரியும் பளபளப்பு. பட்டியலில் ஓர் ஆண்டு 'பின்சில் அரிப்பு' என்ற எச்சரிக்கை இருந்தது. மறு ஆண்டு அதே காரணத்தால் தோல்வி, இரண்டே நாளில் தேர்ச்சி. கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற இரும்புச் சட்டத்தைத்தான் சில் என்கிறார்கள். கூரையில்லாத காருக்கு முதுகெலும்பே அதுதான். துணிக்கூரையில் விழும் மழைநீர் பின்மூலைத் துளை வழியே இறங்கி வெளியேற வேண்டும். இலையும் தூசும் துளையை அடைத்தால் நீர் சில்லுக்குள் தங்கும். வெளியே பனிக்காலத் தெருவில் கொட்டும் உப்பு, உள்ளே தேங்கிய நீர். இரும்பு இரண்டு பக்கமிருந்தும் கரையும். அத்தான் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த காந்தத்தை, வண்ணம் கீறாமலிருக்கத் துணியில் சுற்றி, கதவடியில் ஒட்டிப் பார்த்தார். முன்பாதியில் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"இரும்பு இல்லையடா, பட்டிதான் கிடக்கு. பளபளப்பைப் பாக்காதை."

திரும்பி வரும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. அந்தக் காரை விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

இரண்டாவது, வெள்ளிநிறம், 1990ஆம் ஆண்டுக் கார். ஜப்பானில் விற்கும்போது இதற்கு எம்எக்ஸ்-5 என்று பெயரில்லை, யூனோஸ் ரோட்ஸ்டர். பயன்படுத்திய பிறகு கப்பலேற்றிப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தவை ஏராளம். அங்கிருந்து வந்த கார் என்பதைப் பின்பக்கம் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஜப்பானிய எண்பலகை சிறியது, அதற்கேற்ற பள்ளம் இருக்கும். சில் நன்றாகவே இருந்தது. குறை எஞ்சினின் மூக்கில். 1989 முதல் 1991 வரை செய்த எஞ்சின்களில் கிராங்க் தண்டின் முன்முனை குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றியவர் அந்த முனையின் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், புல்லி நாளடைவில் ஆடி, சாவி உட்காரும் பள்ளத்தையே தின்றுவிடும். பிறகு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர நல்ல வழியில்லை. புல்லியில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமானது. இதைப் படித்துவிட்டுத்தான் அவர் போயிருந்தார். டார்ச் அடித்து எண்ணினார், நான்கு. ஆனால் எண்ணிக்கையால் மட்டும் காரைத் தள்ளிவிடுவது நியாயமில்லை, ஒழுங்காக இறுக்கிய குட்டை மூக்குகள் இன்றும் ஓடுகின்றன. அத்தான் எஞ்சினை ஓடவிட்டுப் புல்லியின் விளிம்பையே ஒரு நிமிடம் பார்த்தார். "ஆடுது," என்றார். தம்பியின் கண்ணுக்கு அது தெரியவில்லை. அத்தானின் கண்ணை நம்பினார்.

மூன்றாவதுதான் ஆசிரியரின் நீலக் கார். 1991 இறுதியில் பதிவானது. புல்லியில் எட்டு வெட்டு. வண்ணம் மங்கி, முன்மூடியில் கல் பட்ட வெள்ளைப் புள்ளிகள். கூரைத் துணியில் உள்ளங்கை அகல ஒட்டு. காந்தம் கதவடியில் கடைசிவரை ஒட்டியது. சமையலறை மேசையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. இருபது ஆண்டுப் பற்றுச்சீட்டுகள், தேதிவாரியாக. டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, இருமுறை மாற்றியிருந்தார்.

அத்தான் எண்ணெய்க் கம்பியை இழுத்து மணந்தார். ஆசிரியர் அதை மரியாதையோடு பார்த்தார். பிறகு எஞ்சின் குளிரில் எழுந்ததும் 'டிக் டிக் டிக்' என்று தையல் இயந்திரம்போல் ஒரு சத்தம். ஆசிரியரின் முகம் வாடிவிட்டது. அத்தான் காதைச் சாய்த்தார், ஒரு கையை வால்வு மூடிமேல் வைத்தார்.

"டப்பெட். எண்ணெய் மேலை ஏறேல்லை. சூடேறட்டும்."

பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கியது. இந்த எஞ்சினின் டப்பெட்டுகள் எண்ணெய் அழுத்தத்தால் தாமே இடைவெளியைச் சரிசெய்துகொள்பவை. பழைய எண்ணெயில், குளிரில், சத்தம் போடும். அத்தான் தன் வாழ்நாளில் அவ்வகை எஞ்சினைத் தொட்டதில்லை என்பது பிறகு தெரியவந்தபோது அவர் வியந்துபோனார். எண்ணெய் போய்ச் சேராத இரும்பின் சத்தம் எந்த எஞ்சினிலும் ஒன்றுதான் என்றார் அத்தான்.

விலை 2,600 பவுண்டு. நவம்பரில் கூரை திறக்கும் காரைத் தேடி வருபவர்கள் குறைவு. ஏப்ரலாக இருந்தால் இந்த விலைக்குக் கிடைத்திருக்காது. ஆசிரியர் சாவியைக் கொடுக்குமுன் ஒன்றைச் செய்துகாட்டினார். கூரையை மடக்குமுன் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் சன்னலின் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். மறந்தால் அது மடிந்து வெடித்துவிடும். இருமுறை செய்துகாட்டி, மூன்றாம் முறை அவரைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஹிரோஷிமாவில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 உருவாகி வெளிவந்திருந்தது. ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு, தன்னுடையது அந்தப் பத்து லட்சத்தில் ஒன்று என்றார்.

வார இறுதியில் மட்டும் ஓடும் காரை ஓட்டம் கெடுப்பதைவிட ஓய்வு அதிகம் கெடுக்கும். இதை அவர் முதல் ஆண்டிலேயே கற்றார். டயரில் பூ நிறைய இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு, முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதில் 2306 என்று இருந்தது. பத்தாண்டு பழைய ரப்பர் ஈரத் தெருவில் பிடிக்காது. நான்கையும் மாற்றினார். கைப்பிரேக்கை இழுத்தபடியே இரண்டு மாதம் நிறுத்தியதில் பின்பிரேக் இறுகிப்போனது. அதன்பின் கியரில் விட்டு நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். ஒரு மே மாதத்தில் வெண்டோவர் தாண்டி ஒரு சந்தியில் கிளட்ச் மிதி தரையோடு போய்விட்டது. கியர்ப்பெட்டியோரம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்திருந்தது. இந்தக் கார்களுக்கே உரிய நோய் அது. மிதியைப் பலமுறை குத்திக் குத்திக் கிடைத்த அழுத்தத்தில் கியர் மாற்றி, தொலைபேசியில் அத்தான் சொல்லச் சொல்ல, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு வீடு வந்தார். பாகத்தின் விலை அதிகமில்லை. அத்தான் ஞாயிறன்று வந்து மாட்டினார். இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு அத்தானின் நகக்கண்ணில் கறுப்பு ஏறியதை அக்கா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

செலவு என்றால் காப்புறுதி அதிகமாகவில்லை. ஆண்டுக்கு 3,000 மைல்தான் ஓட்டுவேன், அன்றாடத்துக்கு வேறு கார் உண்டு என்று எழுதிக்கொடுப்பவர்களுக்குப் பழைய கார்க் காப்புறுதி மலிவு. சாலை வரியில் ஒரு வருத்தம். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு எஞ்சின் அளவை வைத்து வரி, 1,549 சிசி வரை குறைவு. இவருடையது 1,597. நாற்பத்தெட்டு சிசி மேலே போனதால் கூடிய வரி. டிசம்பர் முதல் மார்ச் வரை காரை வீட்டு வளவுக்குள் நிறுத்தி, தெருவில் ஓடாது என்று அரசுக்கு அறிவித்தால் அந்த மாதங்களின் வரி மிச்சம்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்களை அவர் பேச்சால் சமாளிக்க முயன்றதில்லை. பக்கத்து இருக்கையில் உட்காரச் சொல்வார். அவர் வீடிருக்கும் ஹாரோவிலிருந்து அமர்ஷம் தாண்டினால் சில்டர்ன் குன்றுகள். பீச் மரங்கள் இருபுறமும் கவிந்த சின்னத் தெருக்கள், ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் வேறொரு வளைவு. மணிக்கு நாற்பது மைலில் அந்தக் கார் தரும் மகிழ்ச்சியை மற்றக் கார்களில் தேடினால் சட்டம் அனுமதிக்காத வேகத்துக்குப் போக வேண்டும். கியர்க்கம்பி விரலளவு தூரம்தான் நகரும், ஒவ்வொரு மாற்றமும் கையில் 'டக்' என்று தெரியும். வெயில் பட்ட புல்லின் மணம், நிழலுக்குள் நுழையும்போது சட்டென்று கழுத்தில் விழும் குளிர், தேவாலய மணி. தலைக்கு மேல் பிளவுபட்ட வாலோடு செந்நிறப் பருந்துகள். இங்கிலாந்தில் அழிந்துபோன அந்தப் பறவையை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். மேலே கூரை இருந்தால் அவற்றைப் பார்க்க முடியாது.

2023 ஆகஸ்ட் 29 அன்று லண்டனின் தூய காற்று வலயம் ஹாரோ உட்பட மாநகர் முழுவதற்கும் விரிந்தது. பெட்ரோல் கார் என்றால் யூரோ 4 தரம் வேண்டும், பொதுவாக 2005க்குப் பிந்தையவை. இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் இல்லை. ஆண்டில் முப்பது ஞாயிறு என்றால் 375 பவுண்டு. நாற்பது வயதான கார்களுக்கு விலக்கு உண்டு, நீலக் காருக்கு முப்பத்திரண்டுதான். ஆய்வுக்கூடத்தில் ஆஸ்துமாக் குழந்தைகளின் மாதிரிகளைத் தினமும் தொடுகிறவர் அவர். அந்தச் சட்டத்தைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. காரை விற்கவும் மனம் வரவில்லை.

"இஞ்ச கொண்டுவந்து விடன்," என்றார் அத்தான். மில்டன் கீன்ஸ் வலயத்துக்கு வெளியே.

அதன்பிறகு ஞாயிறு காலையில் ஹாரோ அன்ட் வீல்ட்ஸ்டனில் அவர் ரயில் ஏறுவார். போய்ச் சேர்ந்ததும் அக்காவின் கையால் ஒரு தேநீர். பிறகு ஐவிங்ஹோ பீக்கன் வரை ஓட்டம். கார் தங்குவது அத்தான் வீட்டுக் கராஜில். அதன் சுவரில் ஸ்பேனர்கள் அளவுவரிசையாகத் தொங்கத் தொடங்கியிருந்தன.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு ரயில் முன்னதாகவே வந்துவிட்டது. வீட்டு மணியை அழுத்துமுன் கராஜ் பக்கம் போனார். கதவு பாதி திறந்திருந்தது. முன்மூடிமேல் உள்ளங்கையை வைத்தார், நல்ல சூடு. கூரை மடங்கியிருந்தது. பின்சன்னலின் ஜிப் ஒழுங்காகத் திறந்து தட்டையாகப் படுத்திருந்தது. பக்கத்து இருக்கையில் அக்காவின் சால்வை மடித்து வைத்திருந்தது.